கடன் தரும் ஊர், ஆர்டர் தரும் நாடு

விளம்பர நிறுவனம் ஒன்றைக் காட்டி "இதற்கு முதலாளி யார்?" என்று கேட்டால், அமெரிக்காவில் கேள்வி அதோடு நிற்காது. பங்கில் 51 சதவீதம் யார் பெயரில் இருக்கிறது, செக்கில் கையெழுத்துப் போடுவது யார், ஆள் எடுப்பது யார், வாடிக்கையாளரிடம் விலை பேசுவது யார் என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தாள் கேட்பார்கள், அலுவலகத்துக்கே வந்து பார்ப்பார்கள். அதன் பிறகுதான் "இது பெண்ணின் நிறுவனம்" என்று எழுதித் தருவார்கள். நம்மூரில் ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், இணையத்தில் பதிந்த கையோடு சான்றிதழ் வந்துவிடும். அங்கே சான்றிதழை வைத்துக்கொண்டு ஆர்டர் கேட்கலாம். இங்கே அதை வைத்துக்கொண்டு கடன் கேட்கலாம்.

இந்த இரண்டு ஏற்பாடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. ஒரு பக்கம் அமெரிக்காவின் சான்றளிப்பு முறை. மறுபக்கம் தொப்பம்பட்டி போன்ற ஓர் ஒன்றியத்தில் பெண்ணோ திருநங்கையோ விளம்பரத் தொழில் தொடங்க முன்வந்தால் கிடைக்கும் அரசு ஏற்பாடுகள். உரிமை, முதல், ஆர்டர், ஆண்-பெண் இருமைக்குள் அடங்காதவர்களின் இடம் என்று நான்கு தலைப்பில் இரண்டையும் நிறுத்துப் பார்க்கலாம். நம் ஏற்பாடு கஞ்சத்தனமானது அல்ல. ஆனால் அது இயந்திரத்துக்குக் கொடுக்கிறது, விளம்பர நிறுவனமோ இயந்திரத்தால் ஓடுவதில்லை. நம் பெண்கள் பிளக்ஸ் மிஷினுக்குச் சொந்தக்காரர்களாகி, விளம்பர நிறுவனத்துக்குச் சொந்தக்காரர்களாகாமல் நிற்பதற்கு இந்தப் பொருத்தக் குறைவு ஒரு பெரிய காரணம்.

தொழிலின் கைமுதல்

விளம்பர ஏஜென்சி என்பது அடிப்படையில் இடைநிலைத் தொழில். பொருளை விற்பவருக்கும் பத்திரிகைக்கும் நடுவில் நின்று, என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, எங்கே சொல்வது என்று தீர்மானிப்பதே அதன் சரக்கு. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் நெடுங்காலம் அதற்கான கூலி 15 சதவீதக் கமிஷன். பத்திரிகை தரும் இடத்தின் விலையில் அந்தப் பங்கை ஏஜென்சி கழித்துக்கொள்ளும். இந்தியாவில் இந்தக் கமிஷனையும் கடன் தவணையையும் பெற இந்திய செய்தித்தாள் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் இல்லாத சிறு ஏஜென்ட், அங்கீகாரம் உள்ள பெரியவர் வழியாகப் போக வேண்டும், அல்லது கையிலிருந்து முன்பணம் கட்ட வேண்டும். ஆகவே இத்தொழிலின் உண்மையான முதலீடு மூன்று: வாடிக்கையாளரின் நம்பிக்கை, வேலை தெரிந்த ஆட்கள், பணம் வரும்வரை தாக்குப்பிடிக்கும் நடைமுறை மூலதனம். இந்த மூன்றில் எதையும் அடகு வைக்க முடியாது.

தொப்பம்பட்டி, திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. ஒரு பக்கம் பழனி, ஒரு பக்கம் ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தை, மாவட்ட எல்லையைத் தாண்டினால் தாராபுரம். பெரிய ஜவுளிக்கடையும் நகைக்கடையும் சுற்றியுள்ள நகரங்களில் இருக்கின்றன, அவற்றின் விளம்பரம் மட்டும் கிராமம் வரை வருகிறது. ரோட்டோர மதிலில் சிமெண்டும் விதைக் கம்பெனியும், ஆட்டோவில் கட்டிய மைக்கில் ஆடித் தள்ளுபடியும், நாளிதழுக்குள் செருகிய நோட்டீசும், லோக்கல் கேபிளில் ஓடும் எழுத்தும், இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டசும் இன்ஸ்டா ரீல்சும் என்று அது பல வழிகளில் வருகிறது. இந்த வேலையைச் செய்கிறவர்கள் தங்களை "விளம்பர நிறுவனம்" என்று சொல்லிக்கொள்வது அரிது. சுவரில் எழுதிய காலத்தில் கடைப் பெயருக்குப் பின்னால் "ஆர்ட்ஸ்" என்று வைத்தார்கள், பிளக்ஸ் மிஷின் வந்தபின் "டிஜிட்டல்ஸ்" என்று வைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கடைகள் பலவற்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு பெண். காதணி விழா பேனரில் தாய்மாமன்கள் பெயரை எந்த வரிசையில் அடுக்குவது, கட்சித் தலைவர் படத்தை எந்த மூலையில் எந்த அளவில் வைப்பது, பங்காளி வகையில் யார் பெயர் விட்டுப்போனால் சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. மஞ்சளும் சிவப்பும் எந்த அளவில் கலந்தால் தூரத்திலிருந்து வாசிக்கலாம் என்பதும் தெரியும். பெருநகர ஏஜென்சியில் இந்த வேலைக்கு கிரியேட்டிவ் டைரக்டர், கிளையண்ட் சர்வீசிங் என்று இரண்டு பதவிகள் உண்டு. ஆனால் கணக்குப் பேச வருகிறவர் வாசலிலேயே நின்று கேட்பது: "ஏனுங்க, அண்ணன் இல்லீங்களா?" கடை அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை.

பெயரும் பிடியும்

இந்தக் கேள்வி நம்மூருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். சிகாகோவில் 1970இல் பார்பரா கார்ட்னர் ப்ராக்டர் தன் விளம்பர நிறுவனத்தைத் தொடங்கியபோது அதற்கு "ப்ராக்டர் அண்ட் கார்ட்னர்" என்று பெயர் வைத்தார். கார்ட்னர் அவருடைய பிறந்த வீட்டுப் பெயர், ப்ராக்டர் புகுந்த வீட்டுப் பெயர். இரண்டும் அவரேதான். கறுப்பினப் பெண் ஒருத்தி தனியாக நடத்தும் நிறுவனம் என்றால் தயங்குகிறவர்கள், கார்ட்னர் என்றொரு ஆண் பங்குதாரர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளட்டும் என்பதே கணக்கு. அமெரிக்காவில் விளம்பர நிறுவனத்துக்கு உரிமையாளரான முதல் கறுப்பினப் பெண் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. அவர் இல்லாத ஒரு அண்ணனைப் பலகையில் ஏற்ற வேண்டியிருந்தது. நம்மூரில் இருக்கிற அண்ணனைப் பலகையிலிருந்து இறக்கிவிட்டு, கல்லாவில் உட்கார வைத்திருக்கிறோம்.

நியூயார்க்கில் மேரி வெல்ஸ் லாரன்ஸுக்கு இன்னொரு வகைத் தடை. ஜாக் டிங்கர் நிறுவனத்தில் ப்ரானிஃப் விமானங்களுக்கு வண்ணம் பூசி, விளம்பர உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர். ஆனால் ஒரு பெண்ணைத் தலைவராக உலகம் ஏற்காது என்று சொல்லித் தலைவர் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. வெளியேறி, 1966இல் ரிச்சர்ட் ரிச், ஸ்டூவர்ட் க்ரீன் என்ற இருவரோடு சேர்ந்து வெல்ஸ் ரிச் க்ரீன் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அது பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தின் முதல் பெண் தலைமைச் செயல் அலுவலர் என்று அவர் அறியப்படுகிறார். நியூயார்க்கின் மீது காதலைச் சொல்லும் அந்த இதயச் சின்னம் இடம்பெற்ற 1977ஆம் ஆண்டுப் பிரச்சாரம் அவருடைய நிறுவனத்தின் கைவண்ணம். சின்னத்தை வரைந்தவர் மில்டன் க்ளேசர்.

இப்படிப்பட்ட அனுபவங்கள் குவிந்த பிறகுதான் "பெண்ணின் நிறுவனம்" என்பதற்கு அங்கே இலக்கணம் எழுதினார்கள். 1997இல் உருவான மகளிர் வணிக நிறுவனங்களுக்கான தேசியக் கவுன்சில், பங்குரிமை 51 சதவீதம் என்பதோடு நிற்பதில்லை. நிர்வாகமும் அன்றாட முடிவும் பெண்ணின் கையில் இருக்கின்றனவா என்று ஆராய்கிறது. அமெரிக்க மத்திய அரசின் கொள்முதலுக்கான சான்றிதழும் அப்படியே, மிக உயர்ந்த பதவியில் பெண் இருக்க வேண்டும் என்று அது நிபந்தனை போடுகிறது.

நம் பக்கத்தில் இலக்கணம் எளிது. தனியாள் நிறுவனம் என்றால் உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும். கூட்டு நிறுவனம் என்றால் பெண் பங்குதாரர்களிடம் 51 சதவீதம் இருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட்டுக்கும் அதே அளவு. சதவீதத்தில் இரு நாடும் ஒத்துப்போகின்றன. பிரிவது சோதனையில்தான். 2020 ஜூலை 1 முதல், சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு முழுக்கச் சுய அறிவிப்பு ஆனது. ஆவணம் எதுவும் ஏற்ற வேண்டாம், கட்டணமும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அரசு, பெண்கள் தாமே அறிவித்துக்கொண்டு அரசு ஒப்பந்தம் கேட்கும் வழக்கத்தை நிறுத்தி, முறையான சான்றிதழ் கட்டாயம் என்றது. ஒரே ஆண்டில் ஒரு நாடு கதவைத் திறந்தது, இன்னொரு நாடு வாசலில் ஆளை நிறுத்தியது.

எது சரி? நமக்கு இதற்கு முன்னனுபவம் உண்டு. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று தமிழ்நாடு 2016இல் சட்டம் இயற்றியது. கூட்டத்தில் தலைவர் ஒரு நாற்காலியிலும் "தலைவர் வீட்டுக்காரர்" பக்கத்து நாற்காலியிலும் உட்கார்வதை எல்லா மாவட்டத்திலும் பார்த்திருக்கிறோம். தொழிலிலும் இதே கதைதான். கணவரின் பழைய கடன் நிலுவையில் நிற்கிறது, சிபில் மதிப்பெண் சரியில்லை, மானியத்தில் பெண்ணுக்குச் சலுகை அதிகம் என்பதால் மனைவி பெயரில் பதிவு நடக்கிறது. சுய அறிவிப்பு இதைத் தடுக்காது. ஆனால் கிராமத்துப் பெண்ணிடம் கத்தை கத்தையாகத் தாள் கேட்டால் பினாமிகளோடு உண்மையான உரிமையாளரும் வெளியே போய்விடுவார். பதிவு எளிதாக இருப்பது நல்லதே. பணமோ ஆர்டரோ கைமாறும் இடத்தில் மட்டும் பிடி யாரிடம் என்று பார்த்தால் போதும். வங்கிக் கணக்கை இயக்குவது யார், ஜிஎஸ்டி கணக்கின் ஒரு முறைக் கடவுச்சொல் யார் செல்போனுக்கு வருகிறது என்ற இரண்டு கேள்வி பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

முதல்: கொட்டேஷனும் திறமையும்

ப்ராக்டர் கடன் வாங்கிய விதம் இந்த ஒப்பீட்டின் மையம். முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில், தமக்கு இழிவாகப் பட்ட ஒரு விளம்பரத்தைச் செய்ய மறுத்து வேலையை இழந்தவர் அவர். அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகத்திடம் கடன் கேட்டபோது அடகு வைக்க எதுவும் இல்லை. "என்னையே பிணையாக எடுத்துக்கொள்ளுங்கள், என்னை வேலைக்கு எடுத்தால் எவ்வளவு சம்பளம் தருவீர்கள் என்று விளம்பர நிறுவனங்களைக் கேட்டுப்பாருங்கள்" என்று வாதாடியதாக அவரே சொல்லிவந்தார். கிடைத்தது 80,000 டாலர். ஒரு பெண்ணின் திறமைக்குச் சந்தை போடும் மதிப்பே அந்தக் கடனுக்கு ஆதாரம். ஜுவல் உணவுக் கடைகள் அவரது முதல் வாடிக்கையாளர். 1984இல் அதிபர் ரீகன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையில் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

இது விதிவிலக்கு, விதி அல்ல. கணவரைக் கேட்காமல் பெண்ணுக்குக் கடன் தருவதை உறுதிசெய்ய அமெரிக்காவில் 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் தேவைப்பட்டது. தொழில் கடனுக்கு ஆண் உறவினர் கையெழுத்துக் கேட்கும் மாநில விதிகளை ஒழிக்க 1988இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. நம்மை முந்திக்கொண்டு அவர்கள் வெகுதூரம் போய்விடவில்லை.

இங்கே தொப்பம்பட்டிப் பெண் போக வேண்டிய இடம் திண்டுக்கல்லிலுள்ள மாவட்டத் தொழில் மையம். திட்டங்களுக்குக் குறைவில்லை. மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்கள் சிறப்புப் பிரிவு. நகரத்தில் தொடங்கினால் 25 சதவீதம், கிராமத்தில் தொடங்கினால் 35 சதவீதம் மானியம். கைக்காசு 5 சதவீதம் போதும். சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் ரூபாய் வரை போகலாம். சிறு தொழிலுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மாநில அரசின் நீட்ஸ் என்ற தொழில்முனைவோர் திட்டமும் உண்டு. காகிதத்தில் பார்த்தால், 1970ஆம் ஆண்டுச் சிகாகோவில் ப்ராக்டருக்கு இருந்ததைவிட இன்றைய தொப்பம்பட்டியில் வழி அதிகம்.

முட்டுவது ஒரே இடத்தில்: கொட்டேஷன். பிரதமர் திட்டத்தின் விதிப்படி மூலதனச் செலவு இல்லாத தொழிலுக்குக் கடன் இல்லை. என்ன இயந்திரம் வாங்கப்போகிறீர்கள், யாரிடம், என்ன விலை என்று கொட்டேஷன் வைக்க வேண்டும். கடன் தொகை இயந்திர விற்பனையாளர் கணக்குக்குப் போகும். பிளக்ஸ் அச்சு இயந்திரத்துக்குக் கொட்டேஷன் எளிதாகக் கிடைக்கும். லேமினேஷன் மிஷினுக்கும் ஜெனரேட்டருக்கும் கிடைக்கும். நல்ல வாசகம் எழுதத் தெரிந்த ஒருத்திக்கு ஆறு மாதச் சம்பளம், ஒட்டன்சத்திரம் வெண்ணெய் வியாபாரிக்குப் போட்டுக்காட்ட மாதிரி விளம்பரம், பத்திரிகைக்குக் கட்ட வேண்டிய முன்பணம் ஆகிய எதற்கும் கொட்டேஷன் இல்லை.

விளைவு என்ன? வீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான்கு கடைகளின் இன்ஸ்டா பக்கத்தைக் கவனிக்கும் பெண், தொழில் இலக்கணப்படி ஏஜென்சி நடத்துகிறார். ஆனால் கடனுக்கு லாயக்கில்லாதவர் ஆகிறார். அவர் லாயக்காக வேண்டுமானால் பல லட்சம் ரூபாய் மிஷின் வாங்க வேண்டும். வாங்கியதும் மாதத் தவணை கட்ட வேண்டும், தவணைக்காகச் சதுர அடிக் கணக்கில் அச்சடிக்க வேண்டும். பக்கத்து ஊரிலும் அதே மானியத்தில் அதே மிஷின் வந்திருக்கும். சதுர அடி விலை இறங்கிக்கொண்டே போகும். மூளையை விற்க வந்தவரை மையை விற்க வைத்துவிடுகிறோம். மிஷின் என்று வந்துவிட்டால் அதை ஓட்ட, பழுது பார்க்க, இரவில் பேனர் கட்டிவர ஆண் வேண்டும் என்ற பேச்சும் கூடவே வரும். அதன் பிறகு "அண்ணன் இல்லீங்களா" என்ற கேள்விக்கு அண்ணன் உண்மையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஆர்டர்: ஐந்தும் மூன்றும்

அமெரிக்க ஏற்பாட்டின் பலம் இங்கேதான். சான்றிதழ் பெற்றவருக்கு யாரும் மானியம் தருவதில்லை. ஆனால் பெருநிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் இத்தனை பங்கு பெண்களின் நிறுவனங்களுக்கு என்று இலக்கு வைத்து, சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலிலிருந்து ஆளைத் தேடின. அரசுக் கொள்முதலில் 5 சதவீதம் என்ற இலக்கை 1994ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. அதை முதன்முதலாக எட்டியது 2015 நிதியாண்டில். இருபது ஆண்டுக்கு மேல் எட்டாத இலக்கு என்றாலும், ஒவ்வோர் ஆண்டும் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததே ஓர் அழுத்தம்.

நம்மிடம் இதற்கு இணையான விதி இல்லாமல் இல்லை. சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து பொதுக்கொள்முதல் செய்வதற்கான 2012ஆம் ஆண்டு ஆணை, 2018 நவம்பரில் திருத்தப்பட்டது. மத்தியத் துறைகளும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைச் சிறு, குறு நிறுவனங்களிடமும், அதற்குள் 3 சதவீதத்தைப் பெண்களின் நிறுவனங்களிடமும் வாங்க வேண்டும். பொருள் மட்டுமல்ல, சேவையும் இதில் அடக்கம். விளம்பரம் சேவைதான். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் பெண்களுக்கென்றே "உமனியா" என்ற பகுதியும் 2019 முதல் உண்டு.

தொப்பம்பட்டிக்கு இதனால் என்ன பயன்? மிகக் குறைவு. தேசிய அளவில் விளம்பரம் கொடுக்கும் பொதுத்துறை நிறுவனம் ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டு விற்றுமுதல், அனுபவம், பெருநகரங்களில் அலுவலகம் என்று நிபந்தனை வைக்கும். 3 சதவீதத்தைச் சீருடை, சிற்றுண்டி, எழுதுபொருள் வாங்கி நிரப்பிவிடலாம், விளம்பரத்துக்குத் தொட வேண்டியதே இல்லை. உள்ளூரில் ஆர்டர் கொடுக்கிறவை மாநிலத் துறைகளும் ஊராட்சிகளும். அவற்றை அந்த மத்திய ஆணை கட்டுப்படுத்தாது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 306 ஊராட்சிகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஒரு பேனர் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,836 பேனர். இதோடு டெங்கு விழிப்புணர்வு, குழந்தைத் திருமணத் தடுப்பு, குப்பை பிரிப்பு என்று துறைவாரியாகச் சுவர் எழுத்தும் நோட்டீசும் வரும். சுய உதவிக் குழுக்கள் செய்யும் பொருட்களுக்கு லேபிளும் விளம்பரமும் வேண்டும். 1983இல் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கி, 1989இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்களுக்கு வித்திட்ட மாநிலம் இது. பெண்கள் கையில் ஊறுகாயையும் சத்துமாவையும் கொடுத்தோம். அவற்றை விற்கும் வாசகத்தை எழுதும் வேலையைத் தொழிலாக எண்ணிப் பார்க்கவில்லை.

பெருநகரப் பெண்களுக்கு வழி வேறாக அமைந்தது. கிளாரியனில் வளர்ந்த தாரா சின்ஹா தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார், மெக்கான்-எரிக்சன் அவரோடு கைகோத்தது. மும்பையில் ஆம்பியன்ஸ் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் எல்சி நஞ்ஜி ஒருவர், அது பின்னர் பப்ளிசிஸ் குழுமத்தில் சேர்ந்தது. ப்ரீத்தி நாயர் 2011இல் கறி நேஷனைத் தொடங்கினார். பெரிய ஏஜென்சிகளில் பேர் எடுத்து, அந்தப் பேரையே முதலாக வைத்து வெளியே வருவது இவர்களின் பொதுப் பாதை. மேரி வெல்ஸின் பாதையும் அதுதான். தொப்பம்பட்டியில் பேர் எடுக்க ஏறிவர அப்படியொரு ஏணி இல்லை. முதல் ஆர்டரே அதற்கு ஏணியாக வேண்டும்.

இருமைக்கு வெளியே நிற்பவர்கள்

சட்ட அங்கீகாரத்தில் நம் நாடு பின்தங்கவில்லை. 2008இல் தமிழ்நாடு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நல்சா வழக்கில் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வரையறையில் திருநங்கை, திருநம்பி, இடைப்பாலினத்தவரோடு, ஆண்-பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் அடங்காத பாலின அடையாளம் கொண்டவர்களும் இடம்பெற்றார்கள். கடனிலும் கதவு திறந்திருக்கிறது. பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தின் சிறப்புப் பிரிவில் திருநர்களும் உண்டு.

கதவு மூடுவது ஆர்டரில். உத்யம் படிவத்தில் பாலினத்துக்கு "மற்றவர்" என்ற கட்டம் இருக்கிறது. பொதுக்கொள்முதல் ஆணையிலோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒரு பங்கு, பெண்களுக்கு ஒரு பங்கு, அவ்வளவே. 2016இல் தொடங்கிய ஸ்டாண்ட்-அப் இந்தியா கடனும் இதே இரு பிரிவினரையே பெயர் சொன்னது. திருநர்களை எண்ணத் தெரிந்த அரசுக்கு அவர்களிடமிருந்து வாங்கத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இது தலைகீழ். அரசின் பெண்களுக்கான திட்டத்தில் இவர்களுக்கென்று கட்டம் கிடையாது. அந்த வெற்றிடத்தை நிரப்பியது ஒரு தனியார் அமைப்பு: 2002இல் உருவான பால்புதுமையர் தேசிய வணிகச் சபை. அதுவும் 51 சதவீத உரிமை, நிர்வாகம், கட்டுப்பாடு என்று பார்த்துச் சான்று தருகிறது. அதைப் பெருநிறுவனங்கள் ஏற்றன. 2014இல் கலிஃபோர்னியா மாநிலம், மின்சாரம், எரிவாயு போன்ற பொதுப்பயன்பாட்டு நிறுவனங்களின் கொள்முதல் இலக்கில் இவர்களையும் சட்டம் போட்டுச் சேர்த்தது.

இந்தியத் திரையில் இவர்கள் தெரியாமல் இல்லை. 2017இல் விக்ஸ் விளம்பரத்தில் திருநங்கைத் தாயாக கௌரி சாவந்த் வந்தார். 2021இல் பீமா நகைக்கடையின் விளம்பரம் ஒரு திருநங்கையின் கதையைச் சொன்னது. இரண்டையும் பார்த்து நாடே நெகிழ்ந்தது. விளம்பரத்தில் முகமாக வருகிறவருக்கு ஒரு நாள் சம்பளம். விளம்பரத்தைச் செய்யும் நிறுவனத்தின் உரிமையாளருக்கு ஆண்டுதோறும் வருமானம், யாரை எப்படிக் காட்டுவது என்று முடிவு செய்யும் அதிகாரம். நெகிழ்ச்சி முதல்வகையோடு நின்றுவிட்டது.

நிறுத்துப் பார்த்தால்

அமெரிக்க முறையை அப்படியே தூக்கிவந்து நடச் சொல்லவில்லை. அதிலும் ஓட்டைகள் உண்டு. மூவர் கூட்டாகத் தொடங்கி, இரண்டே ஆண்டில் பங்கை ஊருக்கு விற்ற மேரி வெல்ஸின் நிறுவனம் இன்றைய 51 சதவீதச் சோதனையில் தேறுவது கடினம். பெண்ணின் கை முழுக்க ஓங்கியிருந்தும் தேறாது. அந்த நிறுவனம் 1990இல் பிரெஞ்சு நிறுவனமான பிடிடிபிக்கு விற்கப்பட்டு, 1998இல் மூடப்பட்டது. ப்ராக்டரின் நிறுவனம் 1995இல் திவால் மனு போட்டது. ஆர்டர் பிறர் கருணையில் இருக்கும்வரை உரிமையும் ஆட்டம் காணும். 2025 ஜனவரியில் பதவியேற்ற அதிபர் பன்மைத்துவத் திட்டங்களுக்கு எதிராக ஆணைகள் பிறப்பித்த பிறகு, பல பெருநிறுவனங்கள் கொள்முதல் இலக்குகளைச் சத்தமில்லாமல் சுருட்டிக்கொண்டன. தனியார் மனமிருந்து தந்ததைத் தனியாரே மனம் மாறித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சட்டமாக எழுதிய 5 சதவீத இலக்கு மட்டும் சட்டப் புத்தகத்தில் நிற்கிறது.

இரண்டையும் பார்த்த பின் நமக்கு வேண்டியவை தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, சேவைத் தொழிலுக்கான மானியத் திட்டங்களில் இயந்திரத்தோடு சம்பளத்தையும் நடைமுறை மூலதனத்தையும் முதலாக ஏற்க வேண்டும். கொட்டேஷனுக்குப் பதில் இரண்டு வாடிக்கையாளர்களின் ஒப்பந்தக் கடிதம் போதும் என்று சொல்லலாம். ப்ராக்டரின் சம்பள மதிப்பை ஏற்ற அதே தர்க்கம் அது. இரண்டாவது, மாநிலத் துறைகளும் உள்ளாட்சிகளும் விளம்பரம், விழிப்புணர்வுப் பணிகளில் ஒரு பங்கை அந்தந்த ஒன்றியத்துப் பெண்களுக்கும் திருநர்களுக்கும் இருமைக்குள் அடங்காத மற்றவர்களுக்கும் ஒதுக்க வேண்டும், மத்திய ஆணையின் 3 சதவீதத்திலும் இவர்களின் பெயர் ஏற வேண்டும். மூன்றாவது, ஆர்டர் கொடுக்கும் இடத்தில் பிடி யாரிடம் என்று பார்க்க வேண்டும். பெயர் யாருடையது என்பதோடு நின்றுவிடக் கூடாது.

மூன்றில் முதலில் செய்யக்கூடியது இரண்டாவது. அதற்குப் புதிய நிதி வேண்டாம். இன்று எப்படியும் செலவாகிற பேனர் காசுதான், பில் மட்டும் வேறு பெயரில் வர வேண்டும். ஒன்றிய அலுவலகமும் மாவட்ட ஆட்சியரும் மனம் வைத்தால் அடுத்த கிராம சபைக்கே தொடங்கிவிடலாம். நிலையான ஆர்டர் கையில் இருக்கிற பெண்ணைத் தேடி வங்கி தானே வரும். மிஷின் வாங்குவதா, வெளியில் கொடுத்து அச்சடிப்பதா என்பதை அப்போது அவர் தன் கணக்கைப் பார்த்து முடிவு செய்வார். அந்த முடிவு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி.